திண்ணை டூ லிஃப்ட்: மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் 3 தலைமுறைகளில் அன்றாட வாழ்க்கை மாறியது எப்படி?

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சின்னத் தெருக்களில் இப்போ நடந்து போனால் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். சமீபம் வரை மூன்று மாடி ஃபிளாட் இருந்த இடத்தில் தகரத் தடுப்பு. உள்ளே ஜேசிபி. வாசலில் பில்டரின் பேனர். கொஞ்சம் தள்ளி, இடம் மாற்றி நிறுத்தப்பட்ட இஸ்திரி வண்டி.

தி.நகர், அடையாறு பக்கமும் இதே கதைதான். இடிக்கப்படும் ஃபிளாட்டுக்கு வயசு பெரும்பாலும் 35, 40தான் இருக்கும். அதுக்கு முன்னாடி அதே மனையில் இருந்தது தனி வீடு. ஒரே மனை, மூன்று தலைமுறை, மூன்று விதமான வீடு. வீடு மாறும்போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பழக்கமும் மாறியிருக்கு. எப்படி? ஏன்? இனி என்ன? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

தாத்தா, பாட்டி காலம்: தெருவும் வீடுதான்

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் வாசலில் திண்ணை, பின்பக்கம் கிணறு. சாயங்காலம் ஆனால் ஆண்கள் திண்ணையில், பெண்கள் கிணற்றடியில், பிள்ளைகள் தெருவில். வெளியே போகணும்னா டிராம். மெட்ராஸில் 1895-ல் தொடங்கிய மின்சார டிராம், மயிலாப்பூருக்கும் ஓடியது. 1953-ல் டிராம் சேவை மொத்தமாக நின்றது.

தி.நகர் அப்போ புது ஊர். நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், 1920-களில், ஏரி இருந்த இடத்தைத் திருத்தி அமைத்த குடியிருப்பு அது. பெயர், கட்சித் தலைவர் சர் பி.தியாகராயரின் நினைவாக வந்தது. நடுவில் பனகல் பார்க், சுற்றிலும் தோட்டம் வைத்த வீடுகள். ஷாப்பிங் பண்ண வர்ற இடம் இல்லை, குடியிருக்க வர்ற இடம்.

அடையாறோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம். 1882-ல் பிரம்மஞான சபை அங்கே தலைமையகம் அமைத்தபோது அது ஊருக்கு வெளியே இருந்த பகுதி. காந்தி நகர் மாதிரியான குடியிருப்புகள் எல்லாம் பிறகு வந்தவை.

எல்லாமே பொற்காலமா? இல்லை. எல்லோரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார்ந்துவிட முடியாது. யார் எங்கே உட்காரலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்பதை சாதி தீர்மானித்த காலம் அது. கிணற்றில் நீர் இறைத்துச் சுமந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான்.

அப்பா, அம்மா காலம்: ஃபிளாட், டிவி, தண்ணீர் லாரி

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. தெருவுக்கு ஒரு வீட்டில் டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க அந்த வீட்டுக் கூடத்தில் தெருவே உட்காரும். 1993-ல் சன் டிவி வந்தபோது நிலைமை வேறு. பல வீடுகளில் சொந்த டிவி, கேபிள் இணைப்பு. அடுத்த வீட்டுக்குப் போக இருந்த ஒரு காரணம் குறைந்தது.

இதே காலத்தில்தான் தனி வீடுகள் ஃபிளாட்டாக மாறின. காரணம் எளிது. அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஒரு வீட்டை நாலாக வெட்ட முடியாது. ஃபிளாட் கட்டினால் ஆளுக்கு ஒன்று, மீதி பில்டருக்கு. திண்ணை போனது, அந்த இடத்தில் கார் பார்க்கிங் வந்தது. கிணறு மூடி, போர்வெல் போட்டார்கள்.

நிலத்தடி நீர் குறைந்ததும் கலர் கலரான பிளாஸ்டிக் குடங்களோடு தண்ணீர் லாரி வரிசை. கஷ்டம்தான். ஆனா ஃபிளாட்காரர்களும் எதிர்க் குடிசைக்காரர்களும் பேசிக்கொண்டதும், சண்டை போட்டதும், சமாதானம் ஆனதும் அந்த வரிசையில்தான். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. 2004-ல் வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்தது.

தி.நகர் இதற்குள் கடைவீதி ஆகிவிட்டது. மாம்பலம் ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட் இரண்டும் பக்கத்திலேயே இருந்தது பெரிய வசதி. 1928-ல் தொடங்கிய நல்லியில் ஆரம்பித்து, ஜவுளிக்கும் நகைக்கும் வெளியூரில் இருந்தும் கூட்டம் வந்தது. குடியிருந்தவர்கள் பண்டிகை நேரத்தில் சொந்தத் தெருவுக்குள் வண்டியைக் கொண்டுவர முடியாமல் திணறினார்கள்.

நம்ம காலம்: ஆப் இருக்கு, ஆள் இல்லை

2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு, பக்கத்தில் இருக்கும் அடையாறில் ஐடி ஊழியர்கள் வாடகைக்கும் பிஜி ஹாஸ்டலுக்கும் வந்தார்கள். அதே ஐடி வேலை, இந்த ஏரியாப் பிள்ளைகள் பலரை அமெரிக்காவுக்கும் பெங்களூருவுக்கும் கூட்டிப்போனது. இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் அப்பா அம்மா மட்டும். சில வீடுகளில் ஒருவர் மட்டும்.

மளிகை பத்து நிமிஷத்தில் வருது, மருந்தும் வருது. ஆனா இரண்டு நாள் வாசல் கோலம் போடலைன்னா "என்னாச்சு மாமி?" என்று கேட்பது யார்? பெரும்பாலும் இஸ்திரிக்காரர், பூக்கார அம்மா, வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா. இவர்களில் யாருக்கும் அந்த ஃபிளாட்டில் பங்கு கிடையாது.

சரி, இப்போ ஏன் இவ்வளவு இடிக்கிறாங்க?

மூன்று காரணங்கள்.

1. எஃப்எஸ்ஐ: மனையின் அளவைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கான கணக்கு. முன்பு சாதாரண உயரக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது. 2019-ம் ஆண்டு கட்டட விதிகளில் அது 2. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. முன்பு அதில் 3,600 சதுர அடி கட்டலாம், இப்போ 4,800. கூடுதலாகக் கிடைக்கும் 1,200 சதுர அடியை விற்கும் பணத்தில் பில்டர் மொத்தக் கட்டடத்தையும் கட்டி லாபமும் பார்க்க முடியும். உரிமையாளருக்குக் கைக்காசு இல்லாமல் புது வீடு.

2. மூன்றில் இரண்டு பங்கு சம்மதம்: பழைய நடைமுறையில் ஒருவர் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுவிடும். 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஒன்பது வீடு இருந்தால் ஆறு பேர்.

3. மெட்ரோ: இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் இடம் திருமயிலை. பனகல் பார்க், அடையாறிலும் நிலையங்கள். இதனால் மனைக்கு மவுசு கூடுது.

வாடகைக்கு இருக்கிறவங்க நிலை?

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் பல குடும்பங்கள் குறைந்த வாடகையில் பல வருஷம் இந்தத் தெருக்களில் இருந்தன. 2019 பிப்ரவரியில் புது வாடகைச் சட்டம் வந்ததும் அது காலாவதி ஆனது. இப்போ எழுத்துபூர்வ ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம். வாடகையும் ஒப்பந்தப்படிதான். மறுகட்டுமானம் முடிந்து திரும்பி வருவது உரிமையாளர். பழைய வாடகைதாரர் திரும்பி வருவது கஷ்டம். "சைவக் குடும்பத்துக்கு மட்டும்" என்கிற வாடகை நிபந்தனை மட்டும் தலைமுறை தாண்டியும் அப்படியே இருக்கு.

கையெழுத்து போடும் முன் கவனிக்க வேண்டியவை

* மறுகட்டுமானத்துக்குப் பிறகு உங்கள் பெயரில் இருக்கும் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு குறையும்?
* கட்டும் காலம் முழுக்க வெளி வாடகையை பில்டர் தருவாரா? தாமதமானால் என்ன இழப்பீடு?
* திட்டத்துக்கு ரெரா பதிவு தேவையா, செய்திருக்கிறார்களா?
* பவர் பத்திரத்தில் எந்தெந்த அதிகாரத்தைக் கொடுக்கிறீர்கள்?
* தனியாக இருக்கும் முதியவர் என்றால், அந்த இரண்டு மூன்று வருஷம் எங்கே, யார் துணையில் இருப்பார்?

முதல் நான்கையும் வக்கீல் பார்த்துக்கொள்வார். கடைசிக் கேள்வியைக் குடும்பம்தான் கேட்கணும். 75 வயசில் தெரிந்த தெருவை விட்டு வேளச்சேரிக்கோ மேடவாக்கத்துக்கோ போகிறவருக்கு, பழகிய டாக்டர், கோயில், காய்கறிக்கடை எல்லாமே ஒரே நாளில் தூரமாகிவிடும். உதவி தேவைப்படும் முதியவர்கள் 14567 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

மாறாதது ஏதாவது இருக்கா?

இருக்கு. பங்குனியில் அறுபத்து மூவர் விழா அன்று மாட வீதிகளில் இன்றும் நடக்க இடம் இருக்காது. தெருவுக்குத் தெரு நீர்மோர், அன்னதானம். தூரப் புறநகருக்குப் போய்விட்ட பழைய குடும்பங்கள்கூட அன்றைக்குத் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

உங்கள் கட்டடத்திலும் மறுகட்டுமானப் பேச்சு ஓடுதா? அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் சதுர அடிக் கணக்கோடு இன்னொன்றையும் கேளுங்கள்: நம்ம இஸ்திரி வண்டிக்குப் புதுக் கட்டடத்தின் ஓரத்தில் இடம் இருக்குமா?