‘க்ரீச்’ போடும் கிட்டார் கம்பி... புது மைக் வாங்கும் முன் விரலைக் கவனியுங்கள்!

பாடுபவர் மூச்சை இழுத்து அடுத்த வரிக்குத் தயாராகிறார். கிட்டார் ஒரு கார்டை விட்டு இன்னொரு கார்டுக்கு நகர்கிறது. சரியாக அந்த இடைவெளியில் ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம். வாசித்தபோது காதில் விழவே இல்லை. ஹெட்போன் மாட்டித் திரும்பக் கேட்டால், பாட்டைவிட அதுதான் முதலில் கேட்கிறது.

வீட்டில் உட்கார்ந்து அகூஸ்டிக் கிட்டாரோடு கவர் பாடல் பதிவு செய்பவர்கள் பலரும் இந்த இடத்தில் மாட்டியிருப்பார்கள். பெரும்பாலும் பழி மைக் மேல்தான் விழும். ‘விலை கம்மியான மைக், அதான் இப்படி’ என்று அடுத்த மாடலுக்குக் காசு சேர்க்க ஆரம்பிப்பார்கள். நல்ல மைக் வந்ததும் அதே சத்தம் இன்னும் துல்லியமாகக் கேட்கும். ஏனென்றால், அது பிறக்கும் இடம் மைக் இல்லை. கம்பியும் விரலும் உரசும் இடம்.

கம்பிக்குள் ஒரு சீப்பு

ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அகூஸ்டிக் கிட்டாரில் 6 கம்பிகள். அவற்றில் மெல்லிய 2 கம்பிகள் மொழுமொழுவென்று இருக்கும். மற்ற 4 கம்பிகளிலும் நடுவில் ஒரு ஸ்டீல் கம்பி, அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய வெண்கலக் கம்பி. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் 3 கம்பிகள் இப்படிச் சுற்றியவை. விரலால் தடவிப் பார்த்தால் திருகாணியின் மரைபோல நெருடும். சீப்பின் பற்களை நகத்தால் வருடினால் ‘ஸ்ர்ர்ர்’ என்று வருமே, அதேதான் இங்கும் நடக்கிறது. வருடுவது நகம் அல்ல, விரல் தோல். பற்களும் மிக நுணுக்கமானவை.

இருப்பதிலேயே தடித்த கம்பியில்கூட ஒரு செ.மீ-க்கு 20 சுற்றுகளுக்கு மேல் இருக்கும். கார்டு மாற்ற, கை 10 செ.மீ தூரத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடிப்பொழுதில் விரல் 200 மேடுகளை உரசிவிடுகிறது. அதாவது விநாடிக்கு 2,000 என்ற கணக்கு. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் மனிதக் காது மிகக் கூர்மையாகப் பிடிக்கும். சத்தம் சின்னதாக இருந்தும் உறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் இந்தச் சத்தத்தைத் தனியே ஆராய்ந்து கட்டுரையே வெளியிட்டார்கள். விரலின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒலி ஒன்று, கம்பி நீளவாக்கில் அதிர்வதால் எழும் ஒலி இன்னொன்று என இரண்டும் கலந்துதான் அந்தக் ‘க்ரீச்’ உண்டாகிறது.

1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலுக்கு கிட்டார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் வாசித்த கம்பிகளிலும் இதே சுற்றுகள்தான். ஆனால், அன்றைக்கு வயலின், தபேலா, பேஸ் என்று கூடவே வாசித்த வாத்தியங்கள் சின்னச் சத்தங்களை மூடிவிடும். கேட்டவர்களும் ரேடியோவிலும் டேப் ரெக்கார்டரிலும் கேட்டார்கள். இன்றைய ‘அன்பிளக்டு’ கவரில் ஒரு குரல், ஒரு கிட்டார், அவ்வளவுதான். கேட்பவரின் காதுக்குள்ளேயே இயர்போன் இருக்கிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அழுத்தத்தை விடு, பிறகு தூக்கு

முதல் வைத்தியம் இடது கைக்கு. கார்டு மாற்றும்போது பலரும் விரலைக் கம்பியில் அழுத்தியபடியே இழுத்துக்கொண்டு போவார்கள். பயம்தான் காரணம். தூக்கினால் சரியான ஃப்ரெட்டில் திரும்ப விழுமோ, விழாதோ என்ற பயம். அதற்காகச் சட்டென்று விரலைத் தூக்கினாலும் சிக்கல். கம்பி திறந்து ‘டங்’ என்று ஒலித்துவிடும்.

எனவே இரண்டு படியாகச் செய்ய வேண்டும். முதலில் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். விரல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் ஒலி அடங்கும். பிறகு விரலை நேர் மேலே தூக்கி, காற்றில் நகர்த்தி, அடுத்த இடத்தில் இறக்க வேண்டும். கம்பியின் மேல் பக்கவாட்டுப் பயணமே கூடாது. சொல்லும்போது சுலபம். கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, இரண்டே இரண்டு கார்டுகளை மட்டும் மாற்றி மாற்றி வாசித்துப் பழகுவது நல்ல வழி.

வழிகாட்ட ஒரு விரல் கம்பியிலேயே இருந்தாக வேண்டும் என்றால், அது முதல் இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒன்றாக இருக்கட்டும். அவற்றில் சுற்று இல்லை, சத்தமும் இல்லை. சுற்றிய கம்பியில் நகர்ந்தே ஆக வேண்டிய இடத்தில், காய்ப்பு பிடித்த விரல் நுனியைச் சற்றுச் சாய்த்து மெத்தென்ற சதைப் பகுதியால் நகர்ந்தால் சத்தம் மழுங்கும். காய்ப்பு சொரசொரவென்று உரிந்திருந்தால் நகம் ராவும் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடலாம். பிய்த்து எடுக்கக் கூடாது.

இன்னொரு தந்திரம், பயணத்தையே குறைப்பது. கழுத்து நெடுக மேலும் கீழும் ஓடும் பார் கார்டுகள்தான் அதிகம் கத்தும். கேப்போ மாட்டி, அதே பாட்டைப் பக்கத்துப் பக்கத்துக் கார்டுகளில் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பல பாடல்களில் முடியும்.

ஃபேன் என்கிற வில்லன்

பதிவு தொடங்கும்போது ஃபேனை நிறுத்தியாக வேண்டும். மண்டகப்பட்டிலோ திண்டிவனத்திலோ மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு 10 நிமிடம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? விரல் வியர்த்துப் பிசுபிசுக்கும். பிசுபிசுத்த தோல் கம்பியில் ஒட்டி ஒட்டி விடுபடும், ‘க்ரீச்’ கூடும். வியர்வை கம்பியைத் துருப்பிடிக்கவும் வைக்கும். மடியில் ஒரு பருத்தித் துண்டு, டேக்குக்கு டேக் கையையும் கம்பியையும் துடைப்பது, நடுநடுவே ஃபேனைப் போட்டு ஆற விடுவது... செலவே இல்லாத இந்த மூன்றும் நிறைய உதவும். விடியற்காலை 4 மணி நல்ல நேரம் என்பார்கள். கோயில் ஸ்பீக்கரும் சேவலும் ஒத்துழைத்தால்!

வீணைக்காரர்களுக்கு உராய்வு புதிய சங்கதி அல்ல. கம்பியை இழுத்தும் வழுக்கியும் கமகம் பிடிக்க வேண்டியிருப்பதால், பஞ்சில் தொட்ட துளி எண்ணெயை விரலில் தடவிக்கொண்டு வாசிப்பது அங்கே காலங்காலமாக இருக்கும் வழக்கம். ‘அப்படியானால் கிட்டாருக்கும் தேங்காய் எண்ணெய் போடலாமே’ என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. வீணையில் அதிகம் வாசிக்கும் சாரணி கம்பி சுற்றில்லாத ஸ்டீல் கம்பி, துடைத்தால் போய்விடும். கிட்டாரின் சுற்றிய கம்பிகளில் எண்ணெய் இடுக்குகளுக்குள் இறங்கும், அழுக்கைச் சேர்க்கும், இரண்டு நாளில் ஒலி செத்துப்போகும். ‘ஃபாஸ்ட் ஃப்ரெட்’ போன்ற கிட்டாருக்கென்றே விற்கும் மசகுப் பொருளை லேசாகத் தடவி உடனே துடைத்துவிடுவது மேல். அதுவும் பதிவு நாளில் மட்டும்.

எந்தக் கம்பி?

புத்தம்புதுக் கம்பிதான் அதிகம் கத்தும். மாட்டிய உடனே பதிவு செய்யாமல், ஓரிரு நாள் வாசித்துப் பழக்கிவிட்டுப் பதிவு செய்தால் பளபளப்பும் இருக்கும், கீறலும் குறையும். மெல்லிய பூச்சு கொடுத்த ‘எலிக்சர்’ வகைக் கம்பிகள் சத்தத்தைக் குறைக்கின்றன, துருவும் தாமதமாகும், விலை கூடுதல். சுற்றின் மேடுகளைத் தேய்த்துச் சமன்செய்த கம்பிகளும், தட்டை நாடாவால் சுற்றிய ‘ஃப்ளாட்வுண்ட்’ கம்பிகளும் உண்டு. கடைசி வகையில் ‘க்ரீச்’ கிட்டத்தட்ட இல்லை. ஆனால், கார்டு அடிக்கும்போது வரும் கலகலப்பும் போய்விடும். ஜாஸ் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். நம் சினிமாப் பாட்டுக்குப் பொருந்துமா என்பது சந்தேகமே.

கருங்கல் அறையும் பஞ்சு மெத்தையும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கும் மண்டகப்பட்டு, மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரைக் கோயிலுக்குப் பெயர்பெற்றது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டடக் கலைக்கு அது பெருமை. கிட்டார் பதிவுக்கு அப்படி ஓர் அறை அமைந்தால் திண்டாட்டம்தான். வழவழப்பான கடினப் பரப்பில் பட்டு ‘க்ரீச்’ போன்ற உயர்ந்த ஒலிகள் அப்படியே திரும்பும்.

டைல்ஸ் தரையும் பூச்சுச் சுவரும் கொண்ட நம் கான்க்ரீட் வீடுகளும் அந்தக் குகைக்குத் தூரத்துச் சொந்தமே. பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிறுத்தி, தரையில் ஜமுக்காளம் விரித்து, கொடியில் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டால் அறை அடங்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தாலும் பலன் உண்டு.

மைக்கை 12-வது ஃப்ரெட்டுக்கு நேராக ஓரடிக்குள் வைப்பது வழக்கம். நல்ல இடம்தான், ஆனால் இடது கைக்கு மிகப் பக்கம். மைக்கை பிரிட்ஜ் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, கழுத்துக்குப் புறம் காட்டினாற்போலத் திருப்பினால், கிட்டாரின் உடம்பு எழுப்பும் ஒலியோடு ஒப்பிடும்போது விரல் சத்தம் குறைவாகவே பதியும். நாலைந்து இடங்களில் வைத்து, ஒரே வரியை வாசித்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். போனில் நேரடியாகப் பதிவு செய்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பல போன்கள் சின்னச் சத்தங்களைத் தாமாகவே தூக்கிவிடும். வாசிப்பு ஓயும் நொடியில் ‘க்ரீச்’ பெரிதாவது அதனால்தான். ஒலியளவைக் கையால் கட்டுப்படுத்தும் வசதியுள்ள ஆப் பயன்படுத்தினால் இது தீரும்.

மிச்சம் இருப்பதை என்ன செய்வது?

இத்தனைக்குப் பிறகும் சில கீறல்கள் தங்கும். மிக்ஸிங்கில் கம்ப்ரஸரை இறுக்கினால் அவை மேலே வரும் என்பதால், அதற்கு முன்பே ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து அந்த இடத்தில் மட்டும் ஒலியளவை 6 டெசிபல் அளவுக்கு இறக்கிவிடலாம். நேரம் பிடிக்கும், ஆனால் இதுவே சுத்தமான வழி. குரலில் ‘ஸ்’ சத்தத்தை அடக்கும் டீ-எஸ்ஸரையும் கிட்டாருக்குப் பயன்படுத்துகிறார்கள். ஐசோடோப் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ‘ஆர்எக்ஸ் 8’ மென்பொருளில் கிட்டார் கீறலை அடக்குவதற்கென்றே ஒரு பகுதி சேர்க்கப்பட்டது.

முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை செய்து கேட்பதும் நல்லது. கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே கை நகர்ந்த தடமே இல்லாமல், யாரோ வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். கீபோர்டு தயாரிப்பாளர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். 1991-ல் வகுக்கப்பட்ட ‘ஜெனரல் மிடி’ ஒலிப் பட்டியலில் பியானோ, புல்லாங்குழல், வயலின் என 128 ஒலிகள் உண்டு. வீட்டில் கீபோர்டு இருந்தால் அதில் 121-ம் எண்ணைப் போட்டு ஒரு கட்டையை அழுத்திப் பாருங்கள். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் கீபோர்டு என்றால் 120. கிட்டார் கம்பியில் விரல் உரசும் அதே ‘க்ரீச்’ வரும்.