சஹாராவின் உச்சியில் ஒரு சித்திரக் குகை!

சஹாரா என்று சொன்னவுடனே நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? மணல், மணல், மேலும் மணல்! நடுவே ஓர் ஒட்டகம். தூரத்தில் இரண்டு பேரீச்ச மரங்கள். பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகம் நமக்குக் கொடுத்த படம் இது.

ஆனால் அதே சஹாராவின் நடுவிலே, ஒரு மலையின் மேலே, குகைச் சுவர்களில் மாடுகள் மந்தை மந்தையாக மேய்கின்றன. வில்லேந்திய வேடர்கள் ஓடுகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நிற்கிறது. யானை வருகிறது. காண்டாமிருகம் வருகிறது. நீர்யானைகூட வருகிறது! தண்ணீரை விட்டு அகலாத நீர்யானைக்குச் சஹாராவில் என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் மலை ஏறித்தான் ஆக வேண்டும். வாருங்கள், ஏறிப் பார்ப்போம்.

ஆறுகளின் பீடபூமி

அல்ஜீரியா நாட்டின் தென்கிழக்கு மூலையில், லிபியாவையும் நைஜரையும் ஒட்டி, 72,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரந்து கிடக்கிறது ஒரு மணற்கல் பீடபூமி. நம் தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல்! அதன் பெயர் தசிலி நஜ்ஜேர். அங்கே வாழும் துவாரெக் மக்களின் மொழியில் அதற்கு 'ஆறுகளின் பீடபூமி' என்று பொருள் கூறுகிறார்கள்.

ஆறுகளா? இன்று அங்கே ஓர் ஆறும் ஓடவில்லை. பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது!

பீடபூமியின் அடிவாரத்தில் ஜானெத் என்ற சிற்றூர் இருக்கிறது. பேரீச்சந்தோப்பும் மண் வீடுகளும் சூழ்ந்த பாலைவனச் சோலை. பயணம் இங்கேதான் தொடங்குகிறது. ஊரிலிருந்து மலையடிவாரம் வரை ஜீப் போகும். அதற்கு மேல் எந்த வண்டியும் போகாது. பெரிய மனிதரானாலும், பணக்காரரானாலும் தம் கால்களை நம்பித்தான் ஏற வேண்டும்.

மூட்டை முடிச்சுகளைச் சுமப்பது கழுதை. அரிசி, மாவு, தேயிலை, கம்பளி, தண்ணீர் எல்லாம் அதன் முதுகில் ஏறுகின்றன. பாலைவனம் என்றால் ஒட்டகம் அல்லவா வர வேண்டும் என்று கேட்பீர்கள். கல்லும் சரளையுமாகக் கிடக்கும் செங்குத்தான பாதையில் ஒட்டகத்தைவிடக் கழுதைக்கே கால் நிற்கும். மணலில் ராஜா ஒட்டகம். மலையில் ராஜா கழுதை!

மூன்று படி ஏற்றம்

ஏறும் வழிக்குத் தஃபிலாலெத் கணவாய் என்று பெயர். மலை ஒரே மூச்சில் எழுந்து நிற்கவில்லை. மூன்று பெரிய படிகளாக எழுகிறது. முதல் படியை ஏறி முடித்ததும் 'அப்பாடா, வந்துவிட்டோம்' என்று நிமிர்ந்து பார்த்தால், எதிரே இரண்டாவது படி சுவர் போல நிற்கிறது. அதையும் ஏறினால் மூன்றாவது! உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு இடையே, சில இடங்களில் கையையும் ஊன்றி, அதிகாலையில் தொடங்கினால் உச்சிக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிடும்.

மூச்சு வாங்க நின்று, திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கேதான் பட்ட பாட்டுக்கெல்லாம் பலன். கீழே மஞ்சள் மணல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கடல் போல விரிகிறது. கருத்த பாறைகள் அதில் தீவுகளாக நிற்கின்றன. காற்றின் ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை. காலையில் பழுப்பாக இருந்த மலை, மாலையில் செங்கல் நிறமாகி, அந்தி சாயும்போது ஊதா நிறம் கொள்கிறது.

உச்சியில் தம்ரித் என்ற இடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே ஓர் அதிசயம் காத்திருக்கிறது. மரங்கள்! வறண்ட ஓடையில், பாறையைப் பிளந்துகொண்டு, முறுக்கிய உடலோடு சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. உலகில் வேறெங்கும் தானாக முளைக்காத இனம் இது. சில மரங்களுக்கு வயது 2,000 ஆண்டுக்கு மேல். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தார்கள். உயிரோடு இருந்தவை 233 மட்டுமே. இளங்கன்றுகள் காண்பதே அரிது. வேர் மட்டும் எங்கோ ஆழத்தில் பழைய ஈரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நீர்யானை கேள்விக்கு விடை இங்கிருந்தே மெல்ல அவிழத் தொடங்குகிறது.

சுவரில் ஒரு சரித்திரம்

தம்ரித்திலிருந்து மேலும் நடந்தால் செஃபார். இதை ஊர் என்பதா, காடு என்பதா? மனிதர் யாரும் கட்டாத கல் நகரம் இது! மழையும் வெள்ளமும் காற்றும் சேர்ந்து மணற்கல்லை அறுத்து அறுத்துத் தெருக்களும் சந்துகளும் தூண்களும் சதுக்கங்களும் செய்திருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் நுழைந்தால் வெளியே வர வழி தெரியாது.

குகை என்றதும் இருண்ட பொந்து என்று நினைக்க வேண்டாம். பாறையின் அடிப்பக்கம் அரித்துப்போய், மேல்பக்கம் தாழ்வாரம் போல முன்னே நீண்டு நிற்கிறது. வெயிலும் காற்றும் உள்ளே அதிகம் புகாத அந்த நிழலில்தான் ஆதி மனிதன் குந்தியிருந்தான், சமைத்தான், சித்திரமும் தீட்டினான். காவிக் கல்லைப் பொடித்துக் குழைத்த சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கூட வெள்ளை. அவ்வளவுதான் அவன் வர்ணப் பெட்டி.

செஃபாரில் ஒரு பாறைச் சுவரில் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு விசித்திர உருவம் கைகளைத் தூக்கி நிற்கிறது. முகம் இல்லை. பக்கத்தில் பெண்கள் கைகளை உயர்த்தித் தொழுவது போன்ற தோற்றம். 'பெரிய தெய்வம்' என்று ஆராய்ச்சியாளர் பெயர் வைத்தார்கள். ஜப்பாரென் என்ற இன்னொரு இடத்தில் இதைவிடப் பெரிய உருவம் ஒன்று உண்டு. ஜப்பாரென் என்றாலே 'அரக்கர்கள்' என்றுதான் பொருளாம்!

பசுபதி எந்த ஊரோ தெரியாது, ஆனால் பசுக்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வெள்ளை, செவலை, புள்ளி மாடுகள், வளைந்த கொம்புகள், மந்தையை ஓட்டிச் செல்லும் ஆட்கள், குடிசை முன் உட்கார்ந்திருக்கும் பெண்கள். இவற்றை வரைந்தவன் மாட்டை நன்றாக அறிந்தவன். நடையிலே சோம்பல், கழுத்திலே திருப்பம், கன்றின் துள்ளல் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இந்தச் சுவர்களில் ஒரு காலத்தவர் மட்டும் வரையவில்லை. மிகப் பழையவை வட்டத் தலை உருவங்கள். பிறகு, ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, மாடு மேய்த்தவர்களின் சித்திரங்கள். அதன் பிறகு, சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன், குதிரை பூட்டிய தேர். கடைசியாக, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், ஒட்டகம்.

ஒட்டகம் வந்துவிட்டது என்றால், தண்ணீர் போய்விட்டது என்று பொருள்.

மழை விலகிய கதை

சஹாரா என்றைக்கும் பாலைவனமாக இருந்ததில்லை. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே புல்வெளியும் ஏரியும் ஆறும் இருந்தன. காரணம் பருவமழை! பூமி சுழலும் அச்சு, பம்பரம் தலையாட்டுவது போல மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தால், அக்காலத்தில் பூமியின் வடபாதிக்குக் கோடையில் வெயில் சற்றுக் கூடுதலாக விழுந்தது. நிலம் சூடேறியது, கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வெகுதூரம் வடக்கே வந்தது, சஹாராவில் மழை கொட்டியது. பிறகு ஆட்டம் மாறியது. வெயில் குறைந்தது. மழை தெற்கே நழுவியது. புல் காய்ந்தது, ஏரி வற்றியது, மாடு மேய்த்தவன் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பாலை என்பது பிறவியிலேயே தனி நிலம் அல்ல, மற்ற நிலம் வளம் கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள் அல்லவா? அதற்குச் சஹாராவைவிடப் பெரிய சாட்சி உலகில் இல்லை.

தசிலியின் நீர்க்குட்டைகளில் கொஞ்ச காலம் முன்பு வரை முதலைகள்கூட இருந்தன என்றால் நம்புவீர்களா? பசுமைக் காலத்தில் வந்து, தண்ணீர் வற்ற வற்றக் குட்டைகளில் ஒதுங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிழைத்துக் கிடந்தவை. அவற்றில் கடைசி முதலை 1924-இல் சுட்டுக் கொல்லப்பட்டது. வறட்சி கொல்லாததைத் துப்பாக்கி கொன்றது!

ஜானெத்துக்கு அருகே, கீழே மணல்வெளியில், ஒரு பாறையில் சில பசுக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கண்ணிலிருந்து ஒரு துளி வழிகிறது. தண்ணீர் தேடி வந்த மந்தை, ஊற்று வற்றிக் கிடப்பதைக் கண்டு அழுததாம். அந்த ஊரில் சொல்லும் கதை இது. கதையோ, நிஜமோ; பார்த்தவர் மனம் கனக்காமல் திரும்புவதில்லை.

தண்ணீரே பகையானது

1933-இல் பிரெனான் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, ஒட்டகப் படையோடு இந்தப் பக்கம் ரோந்து வந்தார். ஜெராத் என்ற வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கில், பாறைகளில் செதுக்கிய யானைகளையும் காண்டாமிருகங்களையும் கண்டு திகைத்து நின்றார். படமாக எழுதிக்கொண்டும் போனார். அறிஞர் உலகம் விழித்துக்கொண்டது.

1956-இல் ஆன்ரி லோட் என்ற ஆராய்ச்சியாளர் ஓவியர்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினார். ஜெப்ரீன் என்ற துவாரெக் பெரியவர் வழி காட்டினார். பல மாதம் குளிரிலும் வெயிலிலும் பாறையடியில் கிடந்து நூற்றுக்கணக்கான சித்திரங்களைப் பிரதி எடுத்தார்கள். அவை பாரிஸ் நகரில் கண்காட்சியாக வைக்கப்பட்டபோது உலகமே வியந்தது.

ஆனால் வியப்புக்கு ஒரு விலை இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுத் தூசி படிந்து சித்திரங்கள் மங்கிக் கிடந்தன. ஈரப் பஞ்சால் துடைத்தால் நிறம் பளிச்சென்று தெரிந்தது. துடைத்தார்கள். பிறகு வந்த உல்லாசப் பயணிகளும் புகைப்படம் நன்றாக விழ வேண்டுமென்று சுவரில் தண்ணீரை வாரி இறைத்தார்கள். காய்ந்ததும் காவி கொஞ்சம் கரைந்தது. மறுபடி நனைத்தார்கள், மறுபடி கரைந்தது. இன்று பல சுவர்களில், பழைய பிரதியில் தெளிவாக இருக்கும் உருவத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கூத்தும் நடந்தது. பறவைத் தலை கொண்ட பெண்களின் படம் ஒன்றைக் காட்டி, எகிப்துக்கும் சஹாராவுக்கும் உறவு உண்டென்று பேசினார்கள். அது அந்தக் குழுவில் இருந்தவர்களே வேடிக்கையாகத் தீட்டிவிட்ட போலி என்று பின்னால் வெளிவந்தது! நிஜச் சித்திரம் கரைய, போலிச் சித்திரம் புகழ் பெற்ற விந்தையை என்னவென்பது?

போகலாமா, கூடாதா?

1972-இல் இந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. 1982-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 15,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் செதுக்குச் சித்திரங்களும் இங்கே இருப்பதாகக் கணக்கு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் மேலே போக அனுமதி இல்லை.

'அப்படியானால் யாரையும் விடாமல் கதவை அடைத்துவிடலாமே?' என்று தோன்றும். 2003-இல் அல்ஜீரியப் பாலைவனத்தில் 32 ஐரோப்பியப் பயணிகள் கடத்தப்பட்டார்கள். அதன் பிறகு அச்சத்தால் வெளிநாட்டார் வரவு வற்றிப்போயிற்று. சித்திரத்துக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் வழிகாட்டிக்கும் கழுதைக்காரருக்கும் சமையற்காரருக்கும் பிழைப்புப் போயிற்று. மலையை நன்கு அறிந்தவன் பிழைப்புத் தேடி மலையை விட்டுப் போய்விட்டால், பிறகு அந்தச் சுவர்களுக்குக் காவல் யார்? 2023-இல் அல்ஜீரிய அரசு பாலைவனப் பயணிகளுக்கு விசா விதிகளைத் தளர்த்தியது. மறுபடி ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

போகிறவர்கள் அக்டோபருக்குப் பின், வெயில் தணிந்த மாதங்களில் போக வேண்டும். பகலில் வெயில் சுடும். இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். நல்ல கம்பளியும், தேய்ந்துபோகாத செருப்பும், அவசரப்படாத மனமும் வேண்டும். இரவில் துவாரெக் வழிகாட்டி கரி நெருப்பு மூட்டி, சிறு கிண்ணத்தில் மூன்று முறை தேநீர் ஊற்றித் தருவார். மூன்றையும் குடித்துவிட்டு எழுவதுதான் மரியாதை. மேலே நட்சத்திரங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும்.

சுவர் முன்னே நிற்கும்போது ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும். கையில் இருக்கும் தண்ணீர் தாகத்துக்குத்தான்; சுவருக்கு அல்ல. சித்திரம் மங்கலாக இருக்கிறதா? இருந்துவிட்டுப் போகட்டும். நிழலில் பொறுமையாக உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் கண் பழகும். முதலில் ஒரு கொம்பு தெரியும். பிறகு ஒரு முதுகு. பிறகு ஒரு கன்று. அப்புறம் மந்தை முழுதும் மெல்லச் சுவரிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கும்.

நமக்குப் பின்னால் மலை ஏறப் போகிறவருக்கும் அந்த மந்தை மிச்சமிருக்க வேண்டும் அல்லவா?