கல்லாவில் உட்காரும் முதுகும் மூட்டை தூக்கும் முதுகும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, ராஜபாளையத்துப் பலசரக்குக் கடை அன்பர் ஒருவர் மட்டும் உட்காராமல் சுவரைப் பிடித்துக் கொண்டு நின்றார். "உட்காருங்க அண்ணாச்சி" என்றேன். "உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்" என்று சிரித்தார். எண்ணெய் டின் ஒன்றைத் தரையிலிருந்து எடுத்தபோது இடுப்பில் பிடித்துக் கொண்டதாம். மூன்று வாரம் ஆகிவிட்டது. அவருடைய மகன் கைப்பேசியில் ஒரு படம் காட்டியிருக்கிறார். குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் ஒருவர் இரு கைகளையும் வைத்து அழுத்த, 'டக்' என்று சத்தம் வருகிறது. படுத்தவர் எழுந்து சிரிக்கிறார். "கைரோபிராக்டிக்னு சொல்றான். போகலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையும் பிறகு விசாரித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மூட்டைகளுக்கு நடுவே வாழ்பவன், அவ்வளவுதான்.

இந்த வைத்திய முறை அமெரிக்காவில் பிறந்தது. அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் 1895 செப்டம்பரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கினார். கையால் செய்வது என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள். காது மந்தமாக இருந்த ஒருவரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் பால்மர் சொன்னார். முதுகெலும்பின் கோளாறே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அதை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் இடுப்பு வலிக்குக் கையால் அழுத்தி விடும் சிகிச்சை ஓரளவு பயன்படுகிறது என்பதை ஏற்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல் ஆகியவற்றோடு முதுகெலும்பை அழுத்தி விடுதல், பிடித்து விடுதல் ஆகியவையும் இடம் பெற்றுள்ளன. பல வழிகளில் அதுவும் ஒன்று என்றே சொல்கிறது.

அந்த 'டக்' சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது அப்படியல்ல. மூட்டுக்குள் இருக்கும் நீரில் திடீரென ஒரு வாயுக் குழி உண்டாகும்போது வரும் சத்தம் அது. நாம் விரலில் சொடக்கு எடுப்பதும் அதே கதைதான். 2015-ல் கனடாவில் ஸ்கேன் எடுத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சத்தம் வந்தது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கழுத்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முடிவெட்டும் கடைகளில் வேலை முடிந்ததும் தலையைப் பிடித்து இடமும் வலமும் 'வெட்டி' விடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் அது இல்லாமல் முடிவெட்டிய திருப்தி வராது. கழுத்தெலும்பின் ஊடாக மூளைக்கு இரத்தம் செல்லும் குழாய் போகிறது. வேகமாகத் திருப்பும்போது அபூர்வமாக அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. 2017-ல் தில்லிப் பகுதியில் இப்படிக் கழுத்தைத் திருப்பி விட்டதில் ஒருவருக்கு மூச்சு விட உதவும் நரம்பே பழுதான செய்தி பத்திரிகைகளில் வந்தது. தலைமுடியோடு நிறுத்திக் கொள்ளச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் மேல்நாடு வரை போக வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற முறையும் வர்ம சிகிச்சையும் தொன்றுதொட்டு இருக்கின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி நமக்குத் தூரமில்லை. கற்றறிந்தவரிடம் போவது வேறு, பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துப் போவது வேறு. விழுந்து அடிபட்டிருந்தால் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லை என்று தெரியும் முன்பு எவரிடமும் முதுகைக் கொடுக்கக் கூடாது.

இனி நம் கடைக்கு வருவோம். அண்ணாச்சி 50 கிலோ சர்க்கரை மூட்டையைத் தூக்கிய காலமெல்லாம் உண்டு. அப்போது வராத வலி 15 கிலோ எண்ணெய் டின்னில் எப்படி வந்தது? பழைய தூக்குக்கோலை நினைத்துப் பாருங்கள். கொக்கிக்கு அருகே பெரிய பாரம் தொங்கும். மறுபக்கம் சிறு குண்டைத் தள்ளித் தள்ளி வைத்தால் அது பாரத்தைச் சமன் செய்துவிடும். தூரம் கூடினால் சிறு எடையும் பேரெடையாகும். குனிந்து தூக்கும்போது நம் இடுப்பும் ஒரு தூக்குக்கோல்தான். முதுகுத் தசை எலும்பிலிருந்து 5 சென்டிமீட்டர் அளவு தள்ளியே இருக்கிறது. டின்னைக் கையை நீட்டி 50 சென்டிமீட்டர் தள்ளி எடுத்தால், அதைச் சமன் செய்யத் தசை பத்து மடங்கு இழுக்க வேண்டும். 15 கிலோ டின்னுக்கு 150 கிலோ கணக்கு! குனிந்த நம் உடம்பின் எடை இதில் சேரவில்லை. இந்த இழுப்பு முழுவதும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுத் தட்டில்தான் இறங்குகிறது. அதே டின்னை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் பாரம் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் ஒரு கணக்கு வகுத்தது. எல்லா வசதியும் சரியாக அமைந்து, உடம்பை ஒட்டித் தூக்கினால் 23 கிலோ வரை ஆபத்துக் குறைவு. அதே பொருள் 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் வரம்பு 11.5 கிலோவாகக் குறைகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்க 55 கிலோ என்ற உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. நான் மண்டிக்கு வந்த புதிதில் 100 கிலோ மூட்டை சர்வ சாதாரணம். இப்போது 50-க்கும் 25-க்கும் வந்திருக்கிறோம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு வரி வந்ததும் 26 கிலோ சிப்பம் முளைத்தது நமக்கெல்லாம் தெரியும். வரிக்காக ஒரு கிலோ ஏற்றிய நாம் முதுகுக்காக எதையும் இறக்கியதில்லை.

எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் மழைநாளில் எங்கள் மண்டியில் லாரியிலிருந்து சரக்கு இறங்கியது. பலகை ஈரமாக இருந்தது. சாக்கு விரிக்கச் சொல்லி லோடுமேன் கேட்டார். லாரியை அனுப்பும் அவசரத்தில் "சீக்கிரம் ஆகட்டும்" என்றேன். மூட்டையோடு சறுக்கியவர் அதன்பின் தலையில் சுமை வைக்கவே இல்லை. நான் கொடுத்தது ஒரு மாதக் கூலி. அன்று அதைப் பெரிய உதவி என்று நினைத்தேன். சுமை தூக்குவோருக்கென 1982-ல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. அதன்கீழ் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியமும் செயல்படுகிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். விபத்துக்கு உதவித்தொகை உண்டு. உங்கள் கடைக்குச் சரக்கு இறக்குபவர் பதிவு செய்திருக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவல்ல. அதிகம் விற்கும் கனமான சரக்குகள் முழங்காலுக்கு மேலும் தோளுக்குக் கீழும் இருக்க வேண்டும். எண்ணெய் டின், சர்க்கரை, பருப்பு எல்லாம் பலகை மேடையில் ஏறட்டும்; அப்பளமும் வத்தலும் மேல்தட்டுக்குப் போகட்டும். இரு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று கண்டிப்பாக வேண்டும். மூட்டையோடு இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். கடைப் பையன்களுக்கு இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 160 புதிய கடைகளில் சரக்குக் கையாளும் 9,377 பேரைக் கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பெல்ட் கட்டியவர்களுக்கு முதுகுக் காயம் குறையவே இல்லை.

கல்லாவில் இருப்போர் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். முன்னால் வளைந்து உட்காரும்போது இடுப்புத் தட்டில் விழும் அழுத்தம், நேராக நிற்பதைவிட அதிகம். சுவீடன் மருத்துவர் நாச்செம்சன் 1960-களில் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அளந்து பார்த்தவர். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கேட்ட சரக்கை நீங்களே எடுத்துக் கொடுங்கள். நாள் முழுதும் நிற்கும் பணியாளருக்கு எதிர்ப்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவர்களையும் ஜவுளிக்கடைப் பெண்களையும் கேட்டால் கால் வீக்கத்தைப் பற்றிச் சொல்வார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டியது இப்போது நம் கடமை. ஒரு ஸ்டூல்தானே!

வலி வந்துவிட்டால் வாரக்கணக்கில் படுத்துவிடாதீர்கள். இரண்டு நாள் ஓய்வு எடுத்தவர்கள் ஏழு நாள் படுத்தவர்களைப் போலவே குணமடைந்ததை 1986-லேயே கண்டறிந்திருக்கிறார்கள். மெல்ல நடமாடுவதே நல்லது. ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க வராவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலியையும் தள்ளிப் போடக் கூடாது. இரு ஊர்களிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

அண்ணாச்சி முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டினார். பிறகு பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்த நான்கு பயிற்சிகளைக் காலையில் செய்கிறார். போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். எண்ணெய் டின்கள் இடுப்புயர மேடைக்கு ஏறியிருந்தன. உப்பு மூட்டை மட்டும் தரையில் கிடந்தது. "அதுக்கும் பலகை சொல்லியிருக்கு" என்றார், ஸ்டூலில் உட்கார்ந்தபடி.