களியக்காவிளையைத் தாண்டி வரும் பைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை திருவனந்தபுரம் தம்பானூரில் நாகர்கோவில் பேருந்து வந்து நின்றால், ஆட்களுக்கு முன்னே பைகள் இறங்குகின்றன. இட்லி அரிசி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், சிக்கரி கலந்து அரைத்த காப்பித்தூள், அம்மா காயவைத்துக் கட்டிக்கொடுத்த மணத்தக்காளி வற்றல். நாகர்கோவிலுக்கும் இந்த நகரத்துக்கும் சுமார் 70 கி.மீ.தான். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இப்படிச் சுமந்துபோவது புரிகிறது. இரண்டு மணி நேரத் தொலைவுக்கு எதற்கு இத்தனை மூட்டை?

இங்கே எல்லாமே கிடைக்கும். ஆனால் எதுவும் நம் வீட்டில் இருந்தது போல இருக்காது. அதுதான் காரணம்.

கடையில் அரிசி கேட்டால் முதலில் கைக்கு வருவது சிவந்த, தடித்த மட்டை அரிசி. மீன் குழம்புக்கு அது அருமையான சோறு. பொன்னிச் சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து பழகிய கைக்கு மட்டும் அது பிடிபடாது. சாம்பாரில் வெள்ளரிக்காயும் சேனையும் சேர்ந்து கிடக்கும். பப்படம் எண்ணெயில் விழுந்ததும் பந்தாக உப்பும். தட்டையாகப் பொரிந்து மொறுமொறுக்கும் அப்பளம் வேறு சாதி. உணவகத்தில் உட்கார்ந்ததும் பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர் வரும். புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் குடிக்கத் தயங்கி அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

வடகம் போடுவது இன்னும் பெரிய பாடு. மதுரையிலோ நெல்லையிலோ சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வேட்டியை விரித்துப் பிழிந்துவிட்டால், மூன்றாம் நாள் டப்பாவில் அடைத்துவிடலாம். இங்கே மாடியில் விரித்த வேட்டியைக் கோடை மழை எப்போது வந்து நனைக்கும் என்று சொல்ல முடியாது. அது ஓய்ந்தால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் துலா மழை. அதனால்தான் வெயில் காய்ந்த ஊரிலிருந்து வற்றலும் வடகமும் பையில் ஏறி வருகின்றன.

மொழியும் அப்படித்தான், அருகிலிருந்தே தடுக்கிவிடும். வெள்ளம் என்றால் இங்கே குடிக்கிற தண்ணீர். சம்சாரிப்பது என்றால் பேசுவது. பட்டி என்றால் நாய். கோவில்பட்டியிலிருந்து வந்த பிள்ளை சொந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழுந்தால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிய துக்கம். கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம் என்று 2017இல் சட்டம் வந்தது. பிள்ளைகள் அதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலை வீட்டில் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ வந்து சேர்கிறது.

இந்த நகரத்தில் தமிழர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். கரமனையிலும் வலியசாலையிலும் அக்கிரகாரத் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மக்களுக்குத் திருவனந்தபுரமே சொந்தத் தலைநகரம். அன்று மாநில எல்லை மாறியது. எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வீடும் இந்தப் பக்கம் பிழைப்புமாகப் பல குடும்பங்கள் ஆயின. 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறியதும், 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் உருவானதும் புதிய தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்தன.

ஊர் நினைப்பு வந்தால் இவர்கள் போகுமிடம் சாலைத் தெரு. கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்கும் அந்தக் கடைவீதியில் தமிழ் கேட்காத மூலை குறைவு. தோவாளைச் சந்தையிலிருந்து வந்த பிச்சியும் மல்லிகையும் முழம் போட்டு விற்கப்படும். அங்கே பாத்திரக் கடை வைத்திருந்த ஆ. மாதவன், அந்தத் தெருவின் சுமைகூலிகளையும் வியாபாரிகளையும் தமிழ்ச் சிறுகதைகளில் நிலைநிறுத்தினார். 2015இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அவர் பள்ளியில் படித்தது மலையாளம்.

கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்திருக்கிறது. மற்ற ஊர்களின் ஓணச் சத்யா விருந்தில் அபூர்வமான போளி, திருவனந்தபுரம் இலையில் பால் பாயசத்தோடு வந்துவிடும். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் ஊறவைத்துச் சாப்பிடும் அந்தப் பழக்கத்தில் இங்கு குடியேறிய தமிழ்ச் சமையலின் கை இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள்.

இராமேசுவரத்திலிருந்து தும்பாவுக்கு வந்த அப்துல் கலாம் இந்த நகரத்தில் விடுதி அறையில் தங்கி, சிறிய உணவகம் ஒன்றில் சாப்பிட்டுப் பல ஆண்டுகளைக் கழித்தார். 2002இல் குடியரசுத் தலைவராகி இங்கே வந்தபோது, அந்த உணவகக்காரரையும் தனக்குப் பழக்கமான செருப்புத் தைக்கும் தொழிலாளியையும் ராஜ்பவனுக்குத் தன் விருந்தினராக அழைத்தார். வந்த ஊரில் சோறு போட்ட கையை அவர் மறக்கவில்லை.

பண்டிகை நாளில்தான் ஏக்கம் கூடும். தைப்பொங்கலுக்குத் திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு. ஆனாலும் தெருவில் கரும்புக் கட்டு இல்லை, மாட்டுப்பொங்கல் மணியோசை இல்லை. அடுக்குமாடி வீட்டில் கேஸ் அடுப்பில் குக்கர் பொங்கல் பொங்கி முடிகிறது. ஒன்றிரண்டு மாதத்தில் ஆற்றுகால் கோயிலின் பொங்காலை வரும். மண்பானையும் செங்கல்லுமாகப் பெண்கள் நகரத் தெருக்களையே அடுப்பாக்கிவிடுவார்கள். 1997இல் 15 லட்சம் பெண்கள் கூடியது கின்னஸில் பதிவானது. அந்தக் கோயிலின் தோற்றம்பாட்டில் பாடப்படுவது கண்ணகியின் கதை. தையில் தெருவில் பானை வைக்க முடியாத தமிழ்ப் பெண், மாசியில் மலையாளத்துப் பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து செங்கல் அடுக்குகிறாள்.

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குமரியிலிருந்து ஊர்வலமாகப் புறப்படுவார்கள். களியக்காவிளையில் கேரளம் அவர்களை வரவேற்கும். கரமனை வழியாக நகரத்துக்குள் போய், ஒன்பது நாள் பூசை ஏற்று, வந்த சாலையிலேயே திரும்புவார்கள். அந்த வாரம் ஊருக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களும் அதே சாலையில்தான் போகின்றன, காலிப் பைகளை மடித்து எடுத்துக்கொண்டு.