டிக்கெட்டில் எழுதாத விலை

2024 மே 25 அன்று வன்கூவரின் பிசி பிளேஸ் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். பலரை அங்கே இழுத்து வந்த பெயர் லியோனல் மெஸ்ஸி. அவருடைய அணியான இன்டர் மயாமி வந்தது, மெஸ்ஸி வரவில்லை. அணியின் மற்ற நட்சத்திரங்களான லூயிஸ் சுவாரெஸும் செர்ஜியோ புஸ்கெட்ஸும்கூட வரவில்லை. சமாதானமாக உள்ளூர்க் கழகமான வைட்கேப்ஸ் அன்று மைதானத்தில் உணவையும் பானத்தையும் பாதி விலைக்குக் கொடுத்தது. டிக்கெட் வாங்கியவர்கள் சார்பில் கூட்டு வழக்கொன்று தொடுக்கப்பட்டு, 475,000 டொலர் இணக்கத்தொகையுடன் முடிந்தது. அந்தப் பணம் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்குப் போனது. டிக்கெட்டுக்கும், விமானத்துக்கும், விடுதிக்கும் செலவழித்த ரசிகரின் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்னர், மே 11 அன்று, மொன்றியல் ரசிகர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. சபூட்டோ மைதானத்தில் மெஸ்ஸி விளையாடினார். மயாமி 3–2 என்று வென்றது. 2025 ஜூலை 5 அன்று மறுபடி வந்து இரண்டு கோல் போட்டார். இரண்டு தடவையும் மைதானம் நிறைந்திருந்தது. ஆனால் வன்கூவர் ரசிகரும் மொன்றியல் ரசிகரும் வாங்கிய பொருள் ஒன்றேதான்: இன்ன நாளில் இன்ன இரண்டு அணிகள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கும் உரிமை. இன்னார் ஆடுவார் என்ற உறுதி அதில் இல்லை. நட்சத்திரத்துக்காக மூன்று மடங்கு விலை கொடுப்பவர் அந்த அபாயத்தையும் சேர்த்தே வாங்குகிறார். இதை வாங்கும் முன்னரே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மொன்றியலில் உதைபந்தாட்டத்துக்குக் கூட்டம் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. 2012 மார்ச் 17 அன்று மொன்றியல் இம்பக்ட், அதாவது இன்றைய சிஎஃப் மொன்றியல், அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் முதல்தர லீக்கான எம்எல்எஸ்ஸில் தன் முதல் உள்ளூர் ஆட்டத்தை ஒலிம்பிக் மைதானத்தில் ஆடியபோது 58,912 பேர் வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் டேவிட் பெக்கம் வந்தபோது 60,860 பேர். 2015 ஏப்ரல் 29 அன்று மெக்சிகோவின் கிளப் அமெரிக்காவுக்கு எதிரான கொன்ககாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கழகங்களுக்கான) சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்கு 61,004 பேர். ஆசை இந்த நகரத்தில் எப்போதும் இருந்தது.

இடம்தான் இப்போது சுருங்கிவிட்டது. ஒலிம்பிக் மைதானம் கூரை மாற்றும் வேலைக்காக மூடப்பட்டிருக்கிறது. 2028இல் திறக்கும் என்பது திட்டம். பக்கத்திலுள்ள சபூட்டோ மைதானத்தில் இருக்கைகள் 19,619தான். அறுபதாயிரம் பேர் விரும்பும் ஆட்டத்துக்கு இருபதாயிரம் இடம் என்றால் விலை எங்கே போகும் என்பதற்குப் பொருளியல் பாடம் தேவையில்லை. அதே இருக்கைகள் சாதாரண புதன்கிழமை இரவில் வெறுமையாகவும் கிடக்கும். எம்எல்எஸ் அறிவிக்கும் பார்வையாளர் எண்ணிக்கை பொதுவாக வழங்கப்பட்ட டிக்கெட்டுகளின் கணக்கு. வாசலைக் கடந்து உள்ளே வந்தவர்களின் கணக்கு அல்ல. குளிருக்கும், பயணத்துக்கும், மறுநாள் வேலைக்கும் அஞ்சி வீட்டில் நின்றவர்கள் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடுகிறார்கள்.

எதிரணியைப் பொறுத்துக் கூட்டம் எவ்வளவு மாறும் என்பதை 2015 பெண்கள் உலகக் கோப்பை காட்டியது. ஒலிம்பிக் மைதானத்தில் பிரேசிலும் தென்கொரியாவும் மோதியபோது பத்தாயிரம் பேரளவில்தான் வந்தார்கள். அமெரிக்காவும் ஜெர்மனியும் அரையிறுதியில் மோதியபோது 51,176 பேர். இந்த ஏற்ற இறக்கத்தைக் காசாக்கத்தான் கழகங்களும் லீக்குகளும் தேவைக்கேற்ப மாறும் விலை முறையைக் கைக்கொண்டன. அதன் சுமை குடும்பங்கள் மீது இறங்குகிறது. ஆண்டில் ஒரு பெரிய ஆட்டத்துக்குப் பணத்தைக் கொட்டிய குடும்பம் மற்ற ஆட்டங்களை விட்டுவிடும். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டே-நேஜிலோ இரண்டு மூன்று பிள்ளைகளோடு இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இது நன்றாகவே தெரியும்.

இந்த இடத்தில்தான் கியூபெக் மாகாணத்தில் வாழ்வதன் ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 236.1ஆம் பிரிவு 2012 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் அனுமதித்த விற்பனையாளர் அறிவித்த விலைக்கு மேல் எந்த வணிகரும் நுகர்வோருக்கு டிக்கெட் விற்கக்கூடாது என்கிறது அது. கச்சேரிக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும் இது பொருந்தும். ஒரு விலக்கு உண்டு: நடத்துபவரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மறுவிற்பனையாளர், அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டு, கூடிய விலைக்கு விற்கலாம். அப்போதும் இது மறுவிற்பனை டிக்கெட் என்பதையும், அதே டிக்கெட் முதல் விற்பனையாளரிடம் கிடைக்கக்கூடும் என்பதையும், அங்கே அதன் விலை என்ன என்பதையும் வாங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்தத் தகவல் திரையில் இல்லையென்றால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முறைப்பாடு செய்ய அது உதவும்.

சட்டம் கட்டுப்படுத்துவது வணிகரை. தன்னால் போக முடியாத ஆட்டத்துக்கான டிக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் விற்றால் இந்தப் பிரிவு அவரைத் தொடாது. மறுவிற்பனைத் தளங்களில் டிக்கெட்டைப் போடுபவர் ரசிகரா, இதையே தொழிலாகச் செய்பவரா என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. சட்டத்தின் பிடி தளர்வதும் அங்கேதான். ஆகவே முதலில் கழகத்தின் சொந்த விற்பனைப் பக்கத்தைப் பார்த்து, அங்கே இடம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மறுவிற்பனைப் பக்கம் திரும்ப வேண்டும். கூகிள் தேடலில் மேலே வருவது பல தடவை விளம்பரம் கொடுத்த மறுவிற்பனைத் தளமாக இருக்கும்.

அடுத்தது சேவைக் கட்டணம். டிக்கெட்டைத் தெரிவுசெய்யும்போது ஒரு விலை, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விலை. கியூபெக்கில் இது சட்டவிரோதம். விளம்பரப்படுத்தும் விலையில் எல்லாக் கட்டணங்களும் அடங்க வேண்டும். மத்திய, மாகாண விற்பனை வரிகளை மட்டும் பிறகு சேர்க்கலாம். வணிகப் போட்டியை முறைப்படுத்தும் மத்திய போட்டிச் சட்டமும் 2022 ஜூனிலிருந்து இந்தச் சொட்டுச் சொட்டாகக் கூட்டும் தந்திரத்தைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. அதற்கும் முன்னரே, 2019இல், கனடாவின் போட்டிப் பணியகத்தோடு செய்துகொண்ட இணக்கத்தின்படி டிக்கெட்மாஸ்டர் 45 லட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. அறிவித்த விலைக்கு மேல் கட்டணங்கள் பெரும்பாலும் 20 வீதத்துக்கு மேலாகவும் சில வேளைகளில் 65 வீதத்துக்கு மேலாகவும் கூடியிருந்ததாகப் பணியகம் கண்டது. 2020இல் ஸ்டப்ஹப் 13 இலட்சம் டொலர் கட்டியது. இந்தத் தொகைகளைப் பார்த்தால் தனி ஆளின் முறைப்பாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பணியகத்தைப் போன்ற அமைப்புகளை விழிக்கவைப்பது அந்தச் சிறு முறைப்பாடுகள்தான்.

“தளம் அமெரிக்காவில் இருக்கிறது, அங்கே போய் யார் வழக்குப் போடுவது?” என்று கைவிடுபவர்கள் நிறையப் பேர். கைவிடத் தேவையில்லை. இணையத்திலோ தொலைபேசியிலோ செய்த ஒப்பந்தம், வாங்கியவரின் முகவரியிலேயே செய்யப்பட்டதாகக் கருதப்படும் என்பது கியூபெக் சட்டம். நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும், கூட்டு வழக்கில் சேரக்கூடாது என்று நிபந்தனைகளில் பொடி எழுத்தில் போட்டிருந்தாலும் அது நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. விலையை எந்த நாட்டு டொலரில் காட்டுகிறார்கள் என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடிய டொலர் என்று நினைத்து அமெரிக்க டொலரில் வாங்கிவிட்டுக் கடனட்டைக் கணக்கு வந்ததும் திகைப்பவர்கள் குறைவில்லை.

கடனட்டையில் வாங்குவது ஏன் முக்கியம் என்பதற்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. ஆட்டத்துக்குள் நுழைவதற்கான டிக்கெட்டை ஒப்புக்கொண்ட நாளில் விற்பனையாளர் அனுப்பவில்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்த பதினைந்து நாட்களுக்குள் அவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால், அடுத்த அறுபது நாட்களுக்குள் கடனட்டை வழங்கிய வங்கிக்கு எழுத்தில் கேட்டு அந்தத் தொகையை மீளப்பெறலாம். வங்கி விரும்பினால் செய்யும் உதவி அல்ல இது. சட்டம் வங்கிமேல் சுமத்திய கடமை. இன்ரெராக் மின்பரிமாற்றத்தில் முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பேஸ்புக்கிலும் வாட்ஸப் குழுக்களிலும் டிக்கெட்டின் படத்தை அனுப்பி, உடனே பணம் போடச் சொல்லும் ஆட்கள் நம்பியிருப்பது இதைத்தான். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்றுவிட முடியும்; வாசலில் ஒருவர்தான் உள்ளே போவார். டிக்கெட்டைக் கழகத்தின் அதிகாரப்பூர்வச் செயலி வழியாகத் தன் கணக்குக்கு மாற்றித் தர மறுப்பவரிடம் வாங்கவே கூடாது.

பயணம் என்று வந்தால் சபூட்டோ மைதானம் மோசமான இடத்தில் இல்லை. பச்சைப் பாதையின் வியோ மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகலாம். பார்க் எக்ஸ்டென்ஷனிலுள்ள பார்க் நிலையத்தில் ஏறுபவர் நீலப் பாதையில் ஜோன்-தலோன் வரை, செம்மஞ்சள் பாதையில் பெர்ரி-யுக்காம் வரை, பிறகு பச்சைப் பாதை என்று இரண்டு தடவை மாற வேண்டும். பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. 2023 ஜூலையிலிருந்து மொன்றியலில் வசிக்கும் 65 வயது நிரம்பியவர்களுக்கும் இல்லை. பேரப்பிள்ளையோடு அப்பப்பா மெட்ரோவில் போனால் இருவருக்கும் பயணச் செலவே கிடையாது. காரில் போனால் பார்க்கிங் காசு கட்ட வேண்டும். மெட்ரோவில் போவோருக்கு, மாலை ஆறு மணியிலிருந்து விடிகாலை ஐந்து மணி வரை எத்தனை தடவையும் போய்வரும் மாலைநேரச் சீட்டும் இருக்கிறது.

மெட்ரோவை மட்டும் நம்பியிருப்பதிலும் ஒரு அபாயம் உண்டு. 2025இல் மெட்ரோவையும் பேருந்துகளையும் நடத்தும் எஸ்டிஎம் நிறுவனத்தின் பராமரிப்புத் தொழிலாளர்கள் ஜூனிலும் செப்டெம்பர் இறுதியிலும் நவம்பரிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறிப்பிட்ட மணிகளில் மட்டுமே மெட்ரோவும் பேருந்தும் ஓடின. தொழிலாளர்களின் கோரிக்கை நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். ஆட்டம் முடிந்து திரும்பும் நேரத்தில் வண்டி இல்லையென்றால் அதற்காகக் கழகம் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தராது. ஆட்டம் நடந்துவிட்டதல்லவா? அதுபோலவே ஆட்டம் ரத்தானால் டிக்கெட்டின் பணம்தான் திரும்பும். அதற்காக எடுத்த ரயில், விடுதி, விமானச் செலவு அதனுடன் வராது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் ரத்துச் செய்யக்கூடிய விடுதியையே பதிவுசெய்ய வேண்டும்.

இந்தப் பயணச் செலவு மொன்றியலுக்கு 2026 உலகக் கோப்பையோடு பெரிதாகிவிட்டது. ஆட்டங்களை நடத்தக்கூடிய நகரங்களில் ஒன்றாக மொன்றியலும் முதலில் இருந்தது. செலவு மதிப்பீடு இரண்டு மடங்காகிவிட்டது என்று கியூபெக் அரசு 2021 ஜூலையில் பின்வாங்கியது. பொதுப் பணத்தைக் காக்கும் முடிவாக அது சரியாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவாக ஒரு மெட்ரோ சீட்டில் முடிந்திருக்க வேண்டிய பயணம், ரொறன்ரோவுக்கு 540 கிலோமீற்றர் பயணமாக மாறியது. அதன்மேல் ஃபிஃபாவின் விலை. 2025 செப்டெம்பரில் 60 அமெரிக்க டொலரிலிருந்து இறுதியாட்டத்துக்கு 6,730 டொலர் வரை என்று அறிவித்து, தேவைக்கேற்ப மாறும் என்றும் சொன்னார்கள். ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் வாங்குபவரிடம் 15 வீதம், விற்பவரிடம் 15 வீதம் எடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்பிய பிறகு, ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறு பங்கை 60 டொலருக்குக் கொடுக்க ஃபிஃபா இணங்கியது. பங்கு சிறிதுதான், குரல் எழுப்பாமல் இருந்திருந்தால் அதுவும் வந்திராது.

குரல் எழுப்பி வென்ற முன்னுதாரணம் இன்னும் தெளிவாக லிவர்பூலில் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் 77 பவுண்டு டிக்கெட் திட்டத்தை எதிர்த்து, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் கழகம் திட்டத்தைக் கைவிட்டது. அந்த ஆண்டே பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வந்தது. ஜெர்மனியிலோ பல புண்டஸ்லிகா கழகங்களின் டிக்கெட்டைக் காட்டினால் அன்று நகரப் பேருந்திலும் ரயிலிலும் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. மொன்றியல் ரசிகர் மன்றங்கள் கழகத்திடமும் போக்குவரத்து ஆணையத்திடமும் கேட்க வேண்டியது இதைத்தான். எம்எல்எஸ் 2027இலிருந்து தன் பருவத்தைக் கோடையில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடிக்கப்போகிறது. நடுவில் குளிர்கால இடைவேளை இருந்தாலும் பனிக்கால ஆட்டங்கள் கூடும். அப்போது பயணமே ஆளைத் தடுக்கும் பெரிய சுவராகிவிடும்.

பெரிய விலை வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்து நகரமான லவாலின் போறியால் மைதானம் இருக்கிறது. பெண்கள் அணியான மொன்றியல் ரோசஸ் 2025இலிருந்து அங்கே ஆடுகிறது. 2026இல் கனடிய பிரீமியர் லீக்கில் நுழையும் எஃப்சி சூப்ரா அணிக்கும் அதுதான் களம். லவால் பி வலயத்தில் இருக்கிறது. மொன்றியல் தீவுக்கான ஏ வலயச் சீட்டு அங்கே செல்லாது. ஏபி சீட்டு எடுக்க வேண்டும்.

பணம் போய்விட்டது, விற்றவர் பதில் சொல்லவில்லை என்றால் முதலில் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தை அழைக்கலாம்: 1 888 672-2556. சில வணிகர்களோடு இணையத்திலேயே இலவசமாகப் பேசித் தீர்க்கும் வசதியும் அங்கே உண்டு. தீரவில்லையென்றால் என்ன வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்பதை எழுதி, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்கும் அசையாதவரை 15,000 டொலர் வரையான சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். அங்கே சாதாரணமாக வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை, விற்றவரின் பக்கத்திலும்கூட. டிக்கெட் உறுதிமடல், விலை தெரிந்த திரையின் படம், கடனட்டைக் கணக்கு ஆகிய மூன்றையும் ஆட்டம் முடிந்த பிறகும் அழிக்காமல் வைத்திருங்கள். பொதுவாக வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.