மரபணு கெடாமலே வரும் புற்று

உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், டான்சில், தொண்டை, குரல்வளை என்று பல இடங்களில் தோன்றும் கட்டிகளை ‘தலை, கழுத்துப் புற்றுநோய்’ என்ற ஒரே தலைப்பில் மருத்துவர்கள் அடக்கிவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை அந்த உறுப்புகளின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் தட்டைச் செல்களில் தொடங்குபவை. ஆனால் மரபணுவைப் படித்துப் பார்த்தால் இந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளைக்குக் காரணம் புகையிலை, பாக்கு, மது. இன்னொன்றுக்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ்.

இந்தப் பிரிவு எவ்வளவு துல்லியமானது என்பதை, 2015 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 279 கட்டிகளின் டி.என்.ஏ. அதில் அலசப்பட்டது. வைரஸ் இல்லாத கட்டிகளில் 84 சதவீதத்தில் டிபி53 என்ற மரபணு பழுதாகியிருந்தது. வைரஸ் இருந்த 36 கட்டிகளிலோ ஒன்றே ஒன்றில்தான் அந்தப் பழுது தென்பட்டது.

டிபி53 மரபணு நமது 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் பி53 புரதத்தின் வேலை, டி.என்.ஏ.வில் அடிபட்ட செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவது, சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே சாகவைப்பது. சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன் உடலுக்குள் உருமாறி, டி.என்.ஏ.வின் ‘ஜி’ எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது அந்த இடத்தில் ‘டி’ எழுத்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. இப்படிப் பல ஆண்டுகள் சேரும் பிழைகளில் ஒன்று டிபி53க்குள் விழுந்தால் பி53 பயனற்றுப்போகிறது.

வைரஸ் வரும் வழியே வேறு. ஹெச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தொண்டையில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் 16ஆம் வகை. மனித மரபணுத் தொகுப்பு 300 கோடி எழுத்து நீளம் என்றால், இந்த வைரஸுக்கு இருப்பது ஏறத்தாழ 8,000 எழுத்துகள்தான். அதற்குள்ளேயே இ6, இ7 என்று இரண்டு புரதங்களுக்கான குறிப்பை வைத்திருக்கிறது. இ6 புரதம் செல்லுக்குச் சொந்தமான ஒரு நொதியைப் பிடித்துக்கொண்டு பி53யை நெருங்குகிறது. அந்த நொதி பி53 மீது யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டுகிறது. அது ஒட்டப்பட்ட புரதத்தைச் செல்லின் கழிவு எந்திரம் துண்டு துண்டாக வெட்டிப்போடும். இ7 தன் பங்குக்கு, செல் பிரிதலைக் கட்டுப்படுத்தும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது.

புகையிலை, சமையல் குறிப்பையே கிழித்துவிடுகிறது. வைரஸ் குறிப்பைத் தொடுவதில்லை, சமைத்ததை எல்லாம் குப்பையில் கொட்டுகிறது. இரண்டு வீட்டிலும் பட்டினிதான். ஆனால் இரண்டாம் வீட்டில் குறிப்பு பத்திரமாக இருக்கிறது.

அந்தக் குறிப்பு சிகிச்சையில் உதவுவதாகவே தெரிகிறது. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் மருந்தும் பெற்றவர்களில், வைரஸால் நோய் வந்தோர் 82.4 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57.1 சதவீதம். பழுதடையாத டிபி53, கதிர்வீச்சுக்குச் செல்கள் மசிந்துகொடுக்க ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வைரஸ் இருந்தும் நெடுநாள் புகைத்தவர்களுக்கு அந்த அனுகூலம் குறைந்துபோனதையும் அதே ஆய்வு கண்டது.

அப்படியானால் வைரஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சையின் கடுமையைக் குறைக்கலாமே? சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் அது தோற்றது.

வைரஸ் டான்சிலைத் தேடிப்போவதற்கும் காரணம் இருக்கிறது. டான்சிலின் மேற்பரப்பில் ஆழமான குழிகள் உண்டு. அங்கே தோல் போன்ற போர்வை சல்லடையாக இருப்பதால், வைரஸ் அடிச்செல்களை எளிதில் எட்டிவிடுகிறது. வாய்வழிப் பாலுறவின் மூலம் பெரும்பாலும் தொற்றும் இந்த வைரஸை உடல் பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே விரட்டிவிடும். விரட்டாத சிலருக்கு, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்று வரலாம்.

செல்லின் தற்காப்பே சில நேரம் அதற்கு எதிராகத் திரும்புவதும் உண்டு. வைரஸின் டி.என்.ஏ.வைக் குலைக்க அபோபெக் என்ற நொதிகளைச் செல் ஏவுகிறது. அவை குறி தவறி, செல்லின் சொந்த டி.என்.ஏ.விலும் எழுத்துகளை மாற்றிவிடுகின்றன. வளர்ச்சியைத் தூண்டும் பிக்3சிஏ மரபணுவில், வைரஸ் கட்டிகளில் அடிக்கடி காணப்படும் பிறழ்வுகளில் இந்த நொதிகளின் கைவரிசை தெரிகிறது.

நம் நாட்டு நிலவரம் வேறு. இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். அதிலும் புகையிலையையும் பாக்கையும் அடக்கி வைக்கும் கன்னமும் ஈறும் சேருமிடத்தில் வருவது அதிகம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. இந்த வகைக் கட்டிகளை இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டிபி53, நாட்ச்1, காஸ்ப்8 ஆகியவற்றின் பழுதுகளோடு, அதுவரை இந்நோயில் கவனிக்கப்படாத சில மரபணுக்களும் பட்டியலில் சேர்ந்தன.

கட்டி எந்தக் கிளை என்று அறிய பி16 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். ஆர்பி முடங்கியதும் பி16 பெருகிவிடும். கட்டிச் செல்களில் 70 சதவீதமாவது பழுப்பாகச் சாயம் பிடித்தால் வைரஸ் என்று கொள்வது தொண்டைக்குப் பொருந்தும். வாய்க்குள் வரும் கட்டிக்கு இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது.

ஹெச்.பி.வி. தடுப்பூசி கருப்பைவாய்ப் புற்றுக்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதைத் தலை, கழுத்துப் புற்றுத் தடுப்புக்கும் ஏற்றது. பாக்கு செய்யும் கேட்டை எந்த ஊசியும் தடுக்காது, அதை விட்டொழிப்பதுதான் வழி. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டுபவர்கள்கூட, கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி தென்பட்டால் ‘நெறி கட்டியிருக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள். வைரஸ் புற்றின் முதல் அறிகுறி பல நேரம் அதுதான். பீடி, பாக்கு எதையும் தொட்டதில்லை என்பது அதை அலட்சியப்படுத்தக் காரணமாகாது.