பேர் விழாத பட்டியல்

இலங்கையின் தேசிய உதைபந்தாட்ட அணி இன்னொரு நாட்டுடன் மோதப் போகிறது என்றால், ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் வீரர்களின் பெயர்ப் பட்டியல் வெளியாகும். பதுளை பஸ் நிலையத்திலும், பசறைக்கும் அப்புத்தளைக்கும் போகும் வண்டிகளிலும் அன்று நடக்கும் விவாதத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்! பரீட்சை முடிவைத் தேடும் மாணவனைப் போலப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறையும், கீழிருந்து மேலாக ஒரு முறையும் வாசிக்கும் இரசிகர்கள் நம்மிடையே உண்டு. நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. வாசித்து முடிந்ததும் பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான் எழுகிறது: “இந்த முறையும் நம்ம பக்கத்துக்குப் பேர் விழல்லே!”

தோட்டத்தை அறியாத நகரத்து வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். தோட்டத்தில் ‘பேர்’ என்பது வெறும் பெயர் அன்று. ஒரு நாள் வேலைக்குரிய கணக்கு. விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து, மலைக்கு ஏறி, குறித்த நிறைக் கொழுந்தைக் கொடுத்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். பிந்தி வந்து திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அன்று பேரே இல்லை. ஆகவே, “பேர் விழல்லே” என்று ஒரு தோட்டத்து இரசிகர் சொல்லும்போது, தம் பக்கத்துப் பிள்ளையின் பெயர் அச்சில் வரவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அப்பிள்ளை ஓடிய ஓட்டம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை என்கிறார்.

பட்டியலில் வரும் பெயர்கள் யாவர்? அண்மை ஆண்டுகளில் நம் அணிக்கு ஆடியவர்களுள் சிலரைப் பாருங்கள். லண்டனில் பிறந்து, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தின் இளையோர் பயிற்சியில் வளர்ந்த டிலன் டி சில்வா. ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசீக். அந்நாட்டின் டைனமோ டிரெஸ்டன் கழகத்துக்கு ஆடிய குளோடியோ காமர்க்னெக்ட். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் நெடுங்காலம் ஆடிய ஜாக் ஹிங்கர்ட். சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன். கடல் கடந்து வாழும் இலங்கையர் குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். புதிதாக ஒரு நாட்டின் பிரஜையாகி அதன் அணிக்கு ஆட விரும்புபவருக்கு, ‘பீஃபா’ எனப்படும் சர்வதேச உதைபந்தாட்டச் சங்கத்தின் விதி வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அவர் அந்நாட்டில் பிறந்திருக்கலாம். அல்லது தாய் தந்தையருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ அந்த மண்ணில் பிறந்திருந்தாலும் போதும். (அந்நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்து தகுதி பெறுவது வேறு வழி, அது இங்கே நமக்கு வேண்டியதில்லை.)

இப்பிள்ளைகள் வந்ததால் அணிக்கு நன்மை இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் ‘பீஃபா’ நம் நாட்டை இடைநிறுத்தியது. அத்தடை ஓகஸ்ட் மாத இறுதியில்தான் நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியை நாம் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. அப்படி நிலை குலைந்து கிடந்த அணி 2024 செப்டம்பரில் கம்போடியாவை எதிர்த்தது. கொழும்பில் கோலின்றியும், அவர்கள் மண்ணில் 2-2 என்றும் சமன் செய்து, ஈற்றில் தண்ட உதைகளில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைந்தது. 2025 ஜூனில் கொழும்பில் சீனத் தாய்பேயை 3-1 என்று தோற்கடித்தது. அன்று லயத்து வாசலில் கைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்து ஆரவாரித்தவர்கள், கோல் அடித்தவன் எந்த நாட்டில் பிறந்தான் என்று கேட்டுக்கொண்டா கை தட்டினார்கள்? ஆதவன் என்ற பெயர் நல்ல தமிழ்ப் பெயராயிருக்கிறதே என்று மகிழ்ந்த பாட்டிமாரும் உண்டு.

உலகத்திலும் இது புதுமையன்று. 2022இல் உலகக் கிண்ண அரையிறுதிவரை சென்ற மொரோக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். 2025 நவம்பரில் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற குராசாவோ என்னும் சின்னஞ்சிறு தீவின் வீரர்களோ, ஏறக்குறைய அனைவருமே நெதர்லாந்தில் பிறந்தவர்கள். பாட்டனாரைத் தேடும் ஆசை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் கிடைத்தது. 2025 செப்டம்பரில் மலேசிய அணியின் ஏழு வீரர்களை ‘பீஃபா’ தண்டித்தது. அவர்களின் பாட்டன் பாட்டியர் மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிய பத்திரங்கள் திருத்தப்பட்டவை என்பதும், அவர்கள் உண்மையில் ஆர்ஜென்டீனா, பிரேஸில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்தவர்கள் என்பதும் அதன் முடிவு. ஒரு பாட்டனாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு இத்தனை விலை!

நமது இரசிகரின் மனம் எரிவது இந்த இடத்தில்தான். பாட்டனாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்ற சொற்றொடர் மலையகத்தானுக்கு விளையாட்டு விதியாகக் கேட்பதில்லை.

1948 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவன் வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிடில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். ஊவா மலைகளில் காடு வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட குடும்பங்களில் எத்தனை பேரிடம் தந்தையின் பிறப்புக்கு எழுத்துச் சான்று இருந்தது? பலருடைய பிறப்பு பதிவாகவே இல்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாயை ஊருக்கு அனுப்பிய குடும்பங்களும் உண்டு. இதே மண்ணில் பிறந்து இதே மண்ணில் உழைத்தவர்கள் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையால் நாட்டின் செக்ரோலிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 134,000 பேரே.

1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் கொழும்புக் கிண்ணத்துக்காக உதைபந்தாடின. அக்காலத்தில் பதுளைத் தோட்டமொன்றில் எவ்வளவு வல்ல வீரன் இருந்தாலும், அவன் எந்த நாட்டு வீரன் என்ற கேள்விக்கு விடை இருந்திராது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது; எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். கடைசிச் சிக்கலை அவிழ்த்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இன்று தேயிலை மலையில் பந்தை உதைக்கும் பையன் பிறவியிலேயே இலங்கைப் பிரஜை. அவனுக்கு எவருடைய பத்திரமும் தேவையில்லை. அவனுடைய தந்தையைக் கேட்டால் வேறு கதை சொல்லக்கூடும்.

கடலுக்கு அப்பால் பாட்டனாரின் காகிதத்தைத் தேடிப் போகிறீர்களே, காகிதம் எதுவும் வேண்டாத பேரன் இங்கே இருக்கிறானே, இவனையும் ஒருமுறை வந்து பாருங்களேன் என்பதுதான் இரசிகரின் வாதம். இதில் பொறாமை எங்கே இருக்கிறது?

நிற்க. ஊவாவுக்கு இத்தனை இடம், வடக்குக்கு இத்தனை இடம் என்று பங்கு பிரித்து அணி கட்டினால் அது கல்யாணப் பந்தியாகுமேயன்றி அணியாகாது. திறமையே அளவுகோல் என்பதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால் தெரிவாளர் கண்ணால் கண்டவனைத்தான் தெரிய முடியும். தெரிவாளர் ஒருவர் நமது தோட்டப் போட்டி எதற்கும் வந்து நின்றதை நாம் கண்டதில்லை. தேசிய அணிப் பட்டியலுக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்தின் வழி வந்த நடைமுறை. கையொப்பம் இடும் பேனா இருக்கிறது. மலையேறிப் பார்க்கும் கண்தான் வேண்டும்.

தோட்டத்து மைதானத்தை அறியாதவர்கள், அங்கே ஆடுபவன் என்ன பெரிய ஆட்டக்காரனாயிருப்பான் என்று எண்ணக்கூடும். மைதானம் என்று நாம் மரியாதைக்காகச் சொல்கிறோம். மலைச்சரிவில் ஒரு பக்கத்தை வெட்டி மறு பக்கத்தை நிரப்பிய ஒடுங்கிய தட்டு அது. ஒரு கோல் கம்பம் சற்று மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் நிற்பதுண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு கானில் விழுந்தால், அதை எடுத்து வருவதற்கே தனியாக ஒரு சிறுவனை நிறுத்த வேண்டும். ஆடி ஆவணியில் ஊவாவுக்கே உரிய வறண்ட காற்று வீசும். தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த மணத்தைத் தரும் அதே காற்று, உயர்ந்து வந்த பந்தைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவன் பந்தைத் தரையோடு வைத்து, இரண்டு பேருக்கு நடுவே சிறு இடைவெளியில் நழுவிச் செல்லக் கற்றிருப்பான். ஆனால் முழு அளவு மைதானத்தில் தொண்ணூறு நிமிடம் ஓடியிருக்க மாட்டான்; கழுகுப் பார்வையாய் நாற்பது மீற்றர் தூரத்துக்குப் பந்தை அனுப்பிப் பழகியிருக்க மாட்டான். எட்டு வயதிலிருந்து ஐரோப்பியக் கழகத்தின் புற்றரையில் பயின்றவனுக்கு அருகே, அரை மணி நேரத் தேர்வில் இவன் தோற்பது வியப்பன்று.

வயிற்றையும் மறப்பதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 வீதம். தோட்டங்களில் ஏறக்குறைய 32 வீதம். பதினாறு, பதினேழு வயதானதும் நல்ல ஆட்டக்காரனே முதலில் மலையிறங்கிப் போகிறான், கொழும்பில் ஏதேனும் ஒரு கடையில் வேலைக்கு. அவன் தேசிய மைதானத்துக்குச் சில மைல் தொலைவிலேயே மூட்டை தூக்கிக்கொண்டிருப்பான். அப்போதும் எவர் கண்ணிலும் படமாட்டான்.

“ஏன், முரளிதரன் வரவில்லையா?” என்று நம்மை மடக்குவோர் உண்டு. வந்தார்தான். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். பேரனோ டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010இல் ஓய்வு பெற்றார். ஆனால் அவர் படித்தது கண்டி, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருந்தார். மிதவேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனைச் சுழற்பந்து வீசிப் பார் என்று திருப்பிவிட்டவர் அவரே. அந்த ஒரு மனிதர் அந்த மைதானத்தில் நின்றிராவிட்டால்? முரளிதரனைச் சொல்லி வாயடைப்போர், அந்தச் சுனில் பெர்னாண்டோவுக்கு ஒப்பான ஒருவரை மடுல்சீமையிலோ கொஸ்லாந்தையிலோ நமக்குக் காட்டட்டும்.

ஆகவே இரசிகர்கள் சார்பில் நாம் கேட்பது அணியில் ஓர் இடமன்று, ஒரு நாள். கொழும்பில் தெரிவு நடக்கும், விரும்பியவர்கள் வரலாம் என்று அறிவித்தால் போதாது. இரயில் பாதை வழியே பதுளைக்கும் கொழும்புக்கும் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். இரவெல்லாம் பஸ்ஸில் குந்தியிருந்து, காலையில் கால் மரத்துப்போய் இறங்குபவன் எப்படி ஓடுவான்? போக வரச் செலவாகும் பணம் வீட்டில் ஒரு வாரச் சாமானுக்கு உரியது. தெரிவாளர்களே ஒருமுறை பதுளை வின்சென்ட் டயஸ் மைதானத்துக்கு வரட்டும். வந்து பார்த்து, ஒருவரும் தேறவில்லை என்று கண்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும். எது குறைவு, மூச்சா, பழக்கமா, உடற்கட்டா என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்த ஆண்டுக்குள் அவன் திருத்திக்கொள்வான். தோட்டத்துப் பிள்ளைக்கு நிறை குறைந்தது என்று கேட்பது புதிதன்று.

நாள் குறிக்க முன்வருவோர் இரண்டு சிறு விடயங்களை மனத்திற் கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைப்பது நல்லது. மற்ற நாட்களில் வந்தால் பலருக்குச் செக்ரோலில் பேர் போய்விடும். ஆட்டத்தைக் காலை எட்டு மணிக்குத் தொடங்காமல் பத்து மணிக்குத் தொடங்கவேண்டும். மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் வரும் பையன்கள் மலையிறங்கி வந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமல்லவா?